அப்பாவின் கல்யாணத்தன்று அழிந்த பெயர்கள்

மாலை நிகழ்ச்சியில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும் அந்த நான்கு நிமிடங்களில், வரிசையில் காத்திருக்கும் நேயர்களிடம் ஒலிவாங்கியை அணைத்துவிட்டு ஒரு வார்த்தை பேசுவது என் வழக்கம். பெயர் என்ன, எந்த வட்டாரம், என்ன பேசப் போகிறீர்கள் என்று கேட்டுக்கொள்வேன். அன்று தலைப்பு தந்தையர் பற்றியது. மூன்றாவது இணைப்பில் இருந்த பெண், "அக்கா, நான் ரேடியோவில வரல. ஒன்னு மட்டும் கேட்டுட்டு வச்சிடறேன்" என்றார்.

அவருடைய அப்பா சில மாதங்களுக்கு முன்பு காலமாகிவிட்டார். அம்மா எப்போதோ போய்விட்டார். அதற்குப் பிறகு அப்பா தன் மத்திய சேமநிதிப் பணத்துக்கு மகள் பெயரையும் மகன் பெயரையும் வாரிசாகப் போட்டு, அந்தத் தாளைப் பிள்ளைகளிடமே காட்டியிருக்கிறார். பிறகு மறுமணம் செய்துகொண்டார். மூன்று ஆண்டுகள் கழித்து மாரடைப்பு. பணத்தைக் கேட்டுப் போனபோது, "நியமனம் எதுவும் இல்லை, பொது அறங்காவலரிடம் போங்கள்" என்று சொல்லிவிட்டார்களாம்.

"எங்க பேர யாருக்கா எடுத்தாங்க? அப்பா எடுத்தாரா, அவங்க எடுத்தாங்களா?"

பாட்டு முடிய இருபது விநாடி இருந்தது. எனக்குப் பதில் தெரியவில்லை. "விசாரிச்சுச் சொல்றேம்மா" என்று சொல்லி, எண்ணைக் குறித்துக்கொண்டு, மறுபடியும் ஒலிவாங்கியைத் திறந்து கலகலவென்று பேச ஆரம்பித்தேன். எங்கள் தொழில் அப்படி. ஆனால் நிகழ்ச்சி முடியும்வரை வயிற்றில் ஏதோ பிசைந்துகொண்டே இருந்தது. காரணம், என் அப்பாவும் மறுமணம் செய்துகொண்டவர். அவரும் என் பெயரையும் தங்கை பெயரையும் எழுதிய ஒரு தாளை எங்களிடம் காட்டியிருந்தார்.

அந்தப் பெயர்களை எடுத்தது யார் என்று இப்போது எனக்குத் தெரியும். யாரும் எடுக்கவில்லை. திருமணம் எடுத்துவிட்டது. மசேநி சட்டப்படி, ஓர் உறுப்பினர் திருமணம் செய்துகொண்டால், அதற்கு முன்பு அவர் செய்திருந்த வாரிசு நியமனம் தானாகவே ரத்தாகிவிடும். முதல் திருமணமோ இரண்டாம் திருமணமோ, விதி ஒன்றுதான். விவாகரத்து மட்டும் ரத்து செய்யாது. அதாவது, பிரிந்துபோன மனைவியின் பெயர் நீங்கள் மாற்றும்வரை அப்படியே இருக்கும். பெற்ற மகளின் பெயர் உங்கள் கல்யாணத்தன்று காணாமல் போய்விடும். இந்த வேடிக்கையை முதலில் கேட்டபோது நான் நம்பவில்லை.

எங்கள் வீட்டில் அது நடந்தது 2022 செப்டம்பரில். திருமணப் பதிவின்போது இரண்டு சாட்சிகள் வேண்டும். ஒரு சாட்சி சித்தியின் மகன். இன்னொரு சாட்சி நான். பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டு, செல்ஃபியும் எடுத்துக்கொண்டேன்.

எங்கள் குடும்பத்தைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் மற்றது புரியும். அப்பா துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். அம்மா உட்லண்ட்ஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் இரவு ஷிஃப்ட் பார்த்தவர். 1994ல் ஈசூனில் நான்கறை வீடு வாங்கினார்கள், இருவர் பெயரிலும். அந்த வீட்டுக்கான தவணையில் அம்மாவின் மசேநிப் பணம் மாதாமாதம் போனது எனக்கு நினைவிருக்கிறது. அறிக்கை வரும்போதெல்லாம், "என் பணமெல்லாம் இந்தச் சுவத்துல இருக்கு" என்று சுவரைத் தட்டிக் காட்டுவார். 2017ல் அம்மா இறந்தார். ஐந்து வருடம் அப்பா தனியாக இருந்தார். தனியாக என்று சொன்னால் தங்கை கோபித்துக்கொள்வாள், அவள் கூடவேதான் இருந்தாள். ஆனால் அவள் வேலையிலிருந்து திரும்ப இரவு எட்டாகும். பகல் முழுவதும் கீழே காப்பிக்கடையில் ஒரு தே ஓ கோசோங்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அப்பாவைப் பார்த்துத்தான், அத்தை இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்தார்.

சித்தி கணவனை இழந்தவர். பள்ளி உணவகத்தில் வேலை செய்து ஒரே மகனை வளர்த்தவர். அப்பாவைக் கல்யாணம் செய்துகொள்வதற்காக, இருந்த வாடகை வீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். இதை இங்கே எழுதக் காரணம் இருக்கிறது. இந்த மாதிரிக் கட்டுரைகளில் இரண்டாவது மனைவி எப்போதும் சொத்துக்கு வந்தவராகவே இருப்பார். எங்கள் சித்தி இழந்துவிட்டு வந்தவர்.

இருந்தாலும், அன்று இரவு ஒலிபரப்பு முடிந்து பொங்கோலுக்குக் காரோட்டிப் போகும்போது என் மனத்தில் ஓடியது அம்மா தட்டிய அந்தச் சுவர்தான்.

பாதியும் கால்களும்

நியமனம் இல்லாத மசேநிப் பணம் எங்கே போகிறது? பொது அறங்காவலரிடம். அவர் அதை, உயில் எழுதாமல் இறந்தவர்களுக்கான சட்டப்படி பிரித்துத் தருவார். அதற்கு ஒரு கட்டணமும் பிடித்துக்கொள்வார். முஸ்லிம் அல்லாதவர்களுக்கு அந்தச் சட்டம் 1967ஆம் ஆண்டின் வாரிசுரிமைச் சட்டம். கணக்கு எளிது: மனைவியும் பிள்ளைகளும் இருந்தால், மனைவிக்குப் பாதி. மீதிப் பாதியைப் பிள்ளைகள் சமமாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். மகன், மகள் வேறுபாடு கிடையாது. முதல் மனைவியின் பிள்ளை, இரண்டாம் மனைவியின் பிள்ளை என்ற வேறுபாடும் கிடையாது. தமிழ் முஸ்லிம் குடும்பங்களுக்கு ஃபராயிழ் முறை; பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு எட்டில் ஒரு பங்கு, மகனுக்கு மகளைப்போல் இரண்டு பங்கு. பிரிப்பது வேறு, ஆனால் திருமணம் நியமனத்தை ரத்து செய்வது இருவருக்கும் பொதுவானது.

அப்பாவின் கணக்கில் 160,000 வெள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம் (உண்மைத் தொகையைச் சொன்னால் அப்பா என்னைப் பேசவே விடமாட்டார்). சித்திக்கு 80,000. எனக்கு 40,000, தங்கைக்கு 40,000. சித்தியின் மகனுக்கு ஒன்றுமில்லை. அப்பா அவனைச் சட்டப்படி தத்தெடுத்தால் தவிர, எத்தனை வருடம் ஒரே வீட்டில் சாப்பிட்டாலும் அவன் இந்தக் கணக்கில் வரமாட்டான்.

"மூணு வருஷம் கூட இருந்தவங்களுக்குப் பாதியா?" என்று அந்த நேயர் பிறகு என்னிடம் கேட்டார். கேள்வி நியாயம்தான். ஆனால் சட்டம் வருடங்களை எண்ணுவதில்லை. மூன்று மாதம் என்றாலும் மனைவி மனைவிதான், முப்பது வருடம் என்றாலும் அதே பாதிதான். திருமணம் ஆனதும் பழைய நியமனம் போய்விட வேண்டும் என்று வைத்திருப்பதற்கும் காரணம் புரிகிறது: புதிதாகக் கல்யாணம் ஆனவர் மறதியால் மனைவியை வெறுங்கையோடு விட்டுவிடக் கூடாது. பெரும்பாலும் அது இருபத்தெட்டு வயது மாப்பிள்ளைக்காக எழுதப்பட்ட விதி. அறுபத்தாறு வயது மாப்பிள்ளையின் பிள்ளைகளையும் அது அடித்துக்கொண்டு போகிறது.

இருபத்தெட்டு வயது என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். இதை விசாரித்த அன்றே என் சொந்த மசேநி நியமனத்தையும் போய்ப் பார்த்தேன். முதல் வேலையில் சேர்ந்தபோது அம்மா பெயரைப் போட்டிருந்தேன். அம்மா இறந்ததும் அது செல்லாமல் போனது. போகட்டும் என்றால், நான் கல்யாணம் செய்துகொண்டபோது எப்படியும் போயிருக்கும். ஊருக்கெல்லாம் ஆலோசனை சொல்லும் நான், ஆறு வருடமாக நியமனமே இல்லாமல் இருந்திருக்கிறேன். பிள்ளை இல்லாத எனக்கு ஏதாவது ஆகியிருந்தால், கணவருக்குப் பாதி, அப்பாவுக்குப் பாதி. இதைப் படிக்கும் இளம் தம்பதிகளில் பாதிப் பேர் என் நிலைமையில்தான் இருப்பீர்கள் என்று எனக்குச் சந்தேகம். சிங்பாஸ் வழியாக உள்ளே போய்ப் பாருங்கள், ஐந்து நிமிட வேலை.

ஓய்வூதியம் பற்றியும் நிறையக் குழப்பம் இருக்கிறது. இந்தியாவில் அரசு வேலை பார்த்த உறவினர்கள் உள்ளவர்களுக்குக் குடும்ப ஓய்வூதியம் என்றால் தெரியும்: கணவர் இறந்த பிறகு மனைவிக்கு மாதாமாதம் வரும், சில நிபந்தனைகளோடு திருமணமாகாத மகளுக்கும் வரும். இங்கே அப்பாவுக்கு மாதந்தோறும் வருவது சிபிஎஃப் லைஃப் தொகை. அது அவர் உயிரோடு இருக்கும்வரை மட்டும். அவர் இறந்த அடுத்த மாதம் சித்திக்கும் வராது, தங்கைக்கும் வராது. அவர் கட்டிய தொகையில் மாதாமாதம் கொடுத்ததுபோக மிச்சம் ஏதும் இருந்தால், அது நியமிக்கப்பட்டவர்களுக்கு மொத்தமாகப் போகும். நியமனம் இல்லாவிட்டால், மறுபடி அதே பொது அறங்காவலர், அதே பாதி. அதனால் சிங்கப்பூரில் "பென்ஷன் யாருக்கு" என்ற கேள்வி, கடைசியில் நியமனத் தாளில்தான் வந்து நிற்கிறது.

பீரோவில் இருந்த உயில்

மசேநி விஷயத்தை அப்பாவிடம் சொன்னபோது அவர் பதறவில்லை. "அது போனாப் போகுது. உயில் இருக்குல்ல" என்றார். 2018ல், அம்மாவின் முதல் திதி முடிந்த கையோடு எழுதிய உயில். வீட்டை இரண்டு மகள்களுக்கும் சமமாக எழுதியிருந்தார். பீரோவில், அம்மாவின் காஞ்சிபுரம் சேலைகளுக்கு அடியில், உறையில் போட்டு வைத்திருந்தார்.

அதை எடுத்துக்கொண்டு நானும் தங்கையும் சமூக மன்றத்தில் நடக்கும் இலவசச் சட்ட ஆலோசனைக்குப் போனோம். வழக்கறிஞர் இளம் பெண், சீனர். இரண்டு கேள்விதான் கேட்டார். உயில் எந்த வருடம்? திருமணம் எந்த வருடம்? பிறகு உறையைப் பிரிக்காமலே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

உயில் சட்டத்தின் 13ஆம் பிரிவு: திருமணம் ஆனால் முன்பு எழுதிய உயில் ரத்து. இன்னாரைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறேன் என்று தெரிந்தே, அதைக் குறிப்பிட்டு எழுதிய உயில் மட்டும் தப்பிக்கும். அப்பா 2018ல் சித்தியைப் பார்த்ததுகூட இல்லை.

அப்பா இதை ஒப்புக்கொள்ள மறுத்தார். "ஊர்ல அப்படி இல்லையே. எங்க பெரியப்பா ரெண்டாவது கட்டினாரு. முன்னாடி எழுதின உயில்தான் கடைசிவரைக்கும் நின்னுச்சு. கோர்ட்டே ஒத்துக்கிச்சு." அவர் சொன்னது பொய்யில்லை. இந்திய வாரிசுரிமைச் சட்டத்தில் இந்துக்களுக்கு ஒரு விதிவிலக்கு உண்டு. இந்து ஒருவர் எழுதிய உயிலைத் திருமணம் ரத்து செய்யாது. அதே சட்டத்தில் கிறிஸ்தவர்களின் உயில் ரத்தாகும். ஊரில் பார்த்ததை வைத்துக்கொண்டு இங்கே நாற்பது வருடம் நம்பிக்கையோடு வாழ்ந்துவிட்டவர் அப்பா மட்டும் இருக்க மாட்டார்.

ஊரில் நிலம் உள்ளவர்களுக்கு இன்னொன்றும் சொல்கிறேன். அங்கே உள்ள நிலத்துக்கு அங்கேயுள்ள சட்டம்தான். உயில் இல்லாமல் இறக்கும் இந்து ஆணின் தனிச்சொத்தில் மனைவி, மகன்கள், மகள்கள், உயிரோடு இருந்தால் தாய், எல்லாருக்கும் ஆளுக்கொரு சம பங்கு. ஆக, மன்னார்குடிப் பக்கம் அப்பாவுக்கு இருக்கும் துண்டு நிலத்தில் சித்திக்கு மூன்றில் ஒன்று. ஈசூன் வீட்டில் பாதி. பூர்விகச் சொத்தில் மகளுக்கு மகனைப்போலவே பிறப்புரிமை என்பதைத் தமிழ்நாடு 1989லேயே, அதுவும் அப்போது திருமணமாகாத மகள்களுக்கு, கொண்டுவந்தது. இந்தியா முழுமைக்கும் 2005ல் வந்தது. 2005ல் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை என்று 2020 ஆகஸ்டில் இந்திய உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நிலத்தைப் பங்குபோட இன்னும் கூடப்பிறந்த பெண்களைக் கூப்பிடாத சித்தப்பாக்கள் நம்மில் எத்தனையோ பேருக்கு உண்டு. அது தனிக் கதை.

சுவர் யாருக்கு

வீட்டுக்கு வருவோம். அம்மாவும் அப்பாவும் அந்த வீட்டைக் கூட்டு உரிமையாளர்களாக வாங்கியிருந்தார்கள். கணவன் மனைவி பெரும்பாலும் அப்படித்தான் வாங்குகிறார்கள். அதன் அர்த்தம், ஒருவர் இறந்தால் முழு வீடும் மற்றவருக்கு. அம்மா உயிலே எழுதியிருந்தாலும் அந்தப் பாதி எங்களுக்கு வந்திருக்காது. 2017ல் அம்மா இறந்த அன்றே, சுவர் முழுவதும் அப்பாவுடையது ஆகிவிட்டது. தனித்தனிப் பங்காகப் பதிவு செய்திருந்தால் மட்டுமே அம்மா தன் பங்கை உயிலில் யாருக்காவது எழுதியிருக்க முடியும்.

இதில்தான் எங்கள் வழக்கறிஞர் ஓர் எச்சரிக்கை கொடுத்தார். அப்பா பாசத்தில் சித்தியின் பெயரையும் கூட்டு உரிமையாளராகச் சேர்த்துவிட்டால், நாளை அப்பா இறந்ததும் முழு வீடும் சித்திக்குப் போகும். புதிய உயிலில் எங்கள் பெயரைத் தங்கத்தால் எழுதி வைத்திருந்தாலும் பயனில்லை. பிறகு சித்தி உயில் எழுதாமல் இறந்தால் அது அவர் மகனுக்கு. சட்டத்தில் நாங்கள் சித்திக்கு யாரும் இல்லை, அவர் எங்களுக்கு யாரும் இல்லாததுபோல.

எதுவும் செய்யாமல் விட்டால் வீட்டிலும் அதே கணக்கு: சித்திக்குப் பாதி, எங்களுக்குக் கால் கால். கேட்பதற்குச் சரியாக இருக்கிறது. ஆனால் கால் வீட்டில் யார் எங்கே படுப்பது? எனக்குப் பொங்கோலில் வீவக வீடு இருக்கிறது, ஒருவர் இரண்டு வீவக வீடு வைத்துக்கொள்ள முடியாது. சித்தியிடமோ தங்கையிடமோ மற்றவர்களின் பங்கை வாங்கப் பணம் கிடையாது. விற்றுப் பிரிப்பதுதான் முடிவாக இருக்கும். இருபத்தொன்பது வயதில் தங்கைக்கு வீடில்லை, ஐம்பத்தாறு வயதில் சித்திக்கு மறுபடி வாடகை வீடு.

தங்கை திருமணமாகாதவள் என்பதால் அவளுக்கு மட்டும் ஒரு கதவு திறந்திருக்கிறது. 1966ஆம் ஆண்டின் குடும்பப் பராமரிப்புக்கான வாரிசுச் சட்டத்தின் கீழ், இறந்தவர் தனக்குப் போதிய பராமரிப்பை விட்டுச்செல்லவில்லை என்று மனைவி, திருமணமே ஆகாத மகள், 21 வயதுக்குக் கீழ்ப்பட்ட மகன் ஆகியோர் நீதிமன்றத்தை நாடலாம். உடற்குறையால் அல்லது மனக்குறையால் தன்னைத்தானே பராமரித்துக்கொள்ள முடியாத பிள்ளைக்கு வயதும் திருமணமும் தடையில்லை. சொத்தை நிர்வகிக்க நீதிமன்றம் அனுமதி கொடுத்த ஆறு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும். கல்யாணம் ஆன எனக்கு அந்தக் கதவு கிடையாது. "அப்ப நான் கட்டாமயே இருக்கேன்" என்றாள் தங்கை, வழக்கறிஞர் முன்னாலேயே. அவர் சிரித்துவிட்டு, பராமரிப்பு வேறு, பங்கு வேறு, அதை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம் என்றார்.

ஒரே ஒரு தாள் மட்டும் கல்யாணத்தைத் தாண்டிப் பிழைத்திருந்தது. அப்பா 2011ல் எடுத்த ஒரு காப்புறுதி. காப்புறுதியில் செய்யும் நியமனத்தைத் திருமணம் ரத்து செய்யாது. அதில் என் பெயர் அப்படியே இருந்தது. தங்கை அப்போது பள்ளியில் படித்ததால் அவள் பெயரைப் போடவில்லையாம். சித்தி பெயரும் இல்லை. இது எனக்குச் சந்தோஷம் தந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. அந்தச் சந்தோஷத்தை வைத்துக்கொண்டு எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை என்பதும் உண்மை.

இத்தனையும் தெரிந்துகொண்ட பிறகும், அப்பாவிடம் உட்கார்ந்து பேச எனக்கு இரண்டு மாதம் ஆனது. வானொலியில் யாரிடம் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் கேட்பேன். சொந்த அப்பாவிடம், "நீங்க செத்துப்போனா" என்று வாக்கியத்தைத் தொடங்க வரவில்லை. நம் வீடுகளில் அதைக் கேட்கும் மகளுக்கு ஒரு பெயர் இருக்கிறது. மகன் கேட்டால் பொறுப்பு, மகள் கேட்டால் பேராசை. அதிலும் சித்தி வந்த பிறகு கேட்டால், பொறாமை. மூன்று முறை ஈசூனுக்குப் போய், மூன்று முறையும் மீன் குழம்பு சாப்பிட்டுவிட்டுத் திரும்பினேன்.

கடைசியில் என் கணவர்தான் வழி சொன்னார். "அவங்களத பத்திக் கேக்காதே. உன்னோடத பத்திச் சொல்லு." அப்படியே செய்தேன். "அப்பா, என் சிபிஎஃப்ல ஆறு வருஷமா யார் பேருமே இல்ல. நேத்துதான் போட்டேன்" என்றேன். அப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சமையலறைப் பக்கம் திரும்பி, "இங்க வா, நீயும் வந்து உக்காரு" என்று சித்தியைக் கூப்பிட்டார். நான் எதிர்பார்க்காதது அது. சித்தி இல்லாமல் பேசிவிடலாம் என்று எண்ணித்தான் அவர் சமைக்கும் நேரமாகப் பார்த்துப் போயிருந்தேன்.

சித்தி கையைத் துடைத்துக்கொண்டு வந்து, நாற்காலியின் ஓரத்தில் உட்கார்ந்தார். பாதி, கால் என்று நான் சொன்ன கணக்கையெல்லாம் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்: "எனக்குப் பங்கெல்லாம் வேணாம் கண்ணு. அது உங்கம்மா சம்பாதிச்சது. நான் இருக்கற வரைக்கும் என்னை வெளிய போன்னு மட்டும் சொல்லாதீங்க."

அவர் கேட்டது அவ்வளவுதான். ஆனால் அதைத்தான் எழுதிக் கொடுப்பது கடினம் என்று வழக்கறிஞர் பிறகு விளக்கினார். ஒருவர் ஆயுள்வரை இருக்கலாம், அதன்பின் மற்றவருக்கு என்று ஏற்பாடு செய்வது, தனியார் வீட்டில் சாத்தியம். வீவக வீட்டில் அப்படி ஓர் அறக்கட்டளைபோல் உருவாக்கக் கழகத்தின் எழுத்துபூர்வ ஒப்புதல் வேண்டும். சித்தி கேட்ட சின்ன விஷயத்தைவிட, அவர் வேண்டாம் என்று சொன்ன பங்கைக் கொடுப்பதுதான் சுலபமாக இருந்தது.

தங்கைதான் அதை முதலில் சொன்னாள். மூன்று சம பங்கு. விற்றால், சித்தியின் பங்கும் அவர் கையில் இருப்பதும் சேர்ந்து ஓர் ஈரறை ஃபிளெக்ஸி வீட்டுக்குப் போதும், தன் பங்கு தன் முதல் வீட்டுக்கு ஆகும் என்று கணக்குப் போட்டிருந்தாள். நான் கொஞ்சம் யோசித்தேன். எழுதுவதால் நேர்மையாகச் சொல்கிறேன், அம்மாவின் பாதியைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு அப்பாவின் பாதியை மட்டும் பிரித்தால் என்ன என்று யோசித்தேன். அப்படிப் பார்த்தால் சித்திக்கு ஆறில் ஒன்று. தங்கை என்னைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன். அந்தக் கணக்கு தப்பு என்று இன்றும் எனக்குத் தோன்றவில்லை. அதைச் சொல்லிச் சித்தி முன்னால் ஜெயிக்க வேண்டுமா என்பதுதான் வேறு.

புதிய உயில் எழுதியாகிவிட்டது. அதற்குச் சாட்சிக் கையெழுத்து போட என் கணவர் கூட வந்தார், வழக்கறிஞர் வெளியே உட்காரச் சொல்லிவிட்டார். உயிலில் பங்கு பெறுபவரோ அவருடைய கணவன் மனைவியோ சாட்சி போட்டால், அந்தப் பங்கு செல்லாமல் போய்விடும். வீட்டிலேயே உயில் எழுதி மருமகனைக் கையெழுத்துப் போடச் சொல்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அந்த நேயரிடம் நான் பேசினேன். அவருக்குச் சொல்ல நல்ல செய்தி எதுவும் என்னிடம் இருக்கவில்லை. கால் பங்கு நிச்சயம், அதற்குப் பொது அறங்காவலரிடம் விண்ணப்பிக்க வேண்டும் என்பதை மட்டும் சொன்னேன். "அப்பா எடுக்கலல்ல?" என்று மறுபடி கேட்டார். எடுக்கவில்லை என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அது போதும்க்கா" என்று வைத்துவிட்டார்.

மசேநி நியமனத்தை அப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டிலேயே இணையம் வழியாகச் செய்தார். இதற்கும் 21 வயது நிரம்பிய இரண்டு சாட்சிகள் வேண்டும். நியமிக்கப்படுபவர் சாட்சியாக இருக்கக் கூடாது. ஆனால் இங்கே மருமகனுக்குத் தடையில்லை. என் கணவரும் எதிர்வீட்டு மலாய் அங்கிளும் அப்பாவுக்கு இரு பக்கமும் உட்கார்ந்தார்கள். எங்களை உள்ளே போகச் சொல்லிவிட்டார். "யாருக்கு எவ்வளவுன்னு நான் போனப்புறம் பாத்துக்கலாம்" என்றார். நானும் தங்கையும் அவள் அறையில் கட்டிலில் உட்கார்ந்திருந்தோம். சித்தி சமையலறையில் வடை சுட்டுக்கொண்டிருந்தார், அங்கிளுக்காக.

கூடத்திலிருந்து அப்பாவின் குரல் வந்தது. "பெரிய பாப்பா, உன் ஐசி நம்பர் என்ன?" சொன்னேன். ஒரு விரலால் தட்டுகிறார், நேரமாகியது. "சின்னவளே, உன்னோடது?" அவளும் சொன்னாள். பிறகு சமையலறைப் பக்கம் திரும்பிச் சித்தியிடம் கேட்டார். எண்ணெய்ச் சத்தத்தில் சித்தி இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

கொஞ்ச நேரம் சத்தமில்லை. முடிந்துவிட்டது என்று எழுந்தோம்.

"ஏம்மா," என்று அப்பா மறுபடி சமையலறையைப் பார்த்துக் கேட்டது காதில் விழுந்தது, "உன் மகனோட ஐசி நம்பர் மனப்பாடமா தெரியுமா, இல்ல அவனுக்கு போன் போடணுமா?"